ஸைக்கிள் ராணியின் வரவு செலவு

வீட்டில் ஒருவருக்கு ஸைக்கிள் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை இட்டிலி பத்து மணி வரையில் ஆறிக் கிடக்கும். கொடியில் மற்றத் துணிகளுக்கு நடுவே, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த கறுப்பு நிஜார் ஒன்று தொங்கும். பிறகு, வாரத்துக்கு ஒன்றாக அட்டைப் பெட்டிகள் வந்து இறங்க ஆரம்பிக்கும்.

முதல் பெட்டியில் தலைக்கவசம். இரண்டாவதில், ஆணி பதித்த மாதிரி மிதிகட்டையில் மாட்டிக்கொள்ளும் பூட்ஸ். மூன்றாவதில், மார்பில் கட்டிக்கொண்டு நாடித் துடிப்பை எண்ணும் பட்டை. அதற்குப் பின் வருகிறது 'பவர் மீட்டர்'. கால் எத்தனை 'வாட்' சக்தியோடு மிதிக்கிறது என்று சொல்லும் கருவி அது. மழைக்காலம் வந்ததோ இல்லையோ, 'ஸ்மார்ட் டிரெய்னர்' என்று ஒரு யந்திரம் கூடத்துக்கு வந்து விடுகிறது. ஸைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி அதில் மாட்டிவிட்டால், மின்விசிறிக்கு அடியிலேயே மலை ஏறலாம்! கடைசியாக, மாதக் கட்டணத்துக்கு ஒரு பயிற்சியாளர். அவர் வேறு ஊரில், ஏன், வேறு தேசத்தில்கூட இருப்பார். இன்று எத்தனை மணி மிதிக்க வேண்டும், நாளைக்கு ஓய்வா என்பதெல்லாம் அவரிடமிருந்து கைபேசியில் வந்து சேரும்.

இதற்கெல்லாம் என்ன செலவு ஆகும்? நாடிப் பட்டை சில ஆயிரம் ரூபாய். பவர் மீட்டரும் கூடத்து யந்திரமும் பல பத்தாயிரங்கள். ஸைக்கிளோ, கேட்கவே வேண்டாம். உலகப் பந்தயக்காரர்கள் ஓட்டுகிற ஜாதியாக இருந்தால் பத்து லட்சத்தையும் தாண்டிவிடும். இவ்வளவும் யாருக்கு? காலையில் காற்று வாங்கி, வருஷத்துக்கு நாலு பந்தயத்தில் கலந்துகொண்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குப் போகிற ஓர் அமெச்சூருக்கு!

"இவ்வளவு செலவு செய்தால்தான் ஸைக்கிள் ஓடுமா?" என்று இல்லத்தரசிகள் கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் இல்லத்தரசியின் கதையையே சொல்கிறேன். அவரும் அமெச்சூர்தான். கடைசி வரையில் அமெச்சூராகவே இருந்தவர். உலகத்தையே ஜயித்தவர்.

டாக்டர்கள் சொன்ன புத்திமதி

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் என்று ஒரு பிரதேசம். கம்பளி ஆலைகளுக்கும், கறாரான மனிதர்களுக்கும், அதைவிடக் கறாரான சிக்கனத்துக்கும் பெயர் போனது. அங்கே லீட்ஸ் நகரில் 1937-ஆம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி பிறந்தவர் பெரில். பதினோரு வயதை ஒட்டி அவரைக் கொடிய வாதஜுரம் தாக்கியது. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரி வாசம். அதன் பிறகு உடம்பு தேறுவதற்காகப் பதினைந்து மாதம் வேறோர் இல்லத்தில். வீடு திரும்பியபோது டாக்டர்கள் சொல்லி அனுப்பிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: "உடம்பை அலட்டிக்கொள்ளாதே!"

பள்ளிப் படிப்பு முடிந்து, தையல் உடுப்புகள் தயாராகும் இடத்தில் வேலைக்குப் போனார் பெரில். அங்கே வேலை பார்த்த சார்லி பர்ட்டன் என்ற இளைஞருக்கு ஸைக்கிள் என்றால் உயிர். அவரோடு சேர்ந்து பெரிலும் ஸைக்கிள் கிளப்புக்குப் போக ஆரம்பித்தார். முதல் வருஷம், மேடு வந்தால் மற்றவர்கள் பின்னால் கை வைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்ததாம். இரண்டாம் வருஷம் எல்லோருக்கும் சமமாக ஓட்டினார். மூன்றாம் வருஷம் அவரே முன்னால் போனார். ஆண்கள் பின்னால் வந்தார்கள்!

1955-ல் கல்யாணம். 1956-ல் டெனீஸ் என்ற பெண் குழந்தை. நம்முடைய கதைகள் பலவும் இந்த இடத்தில் முடிந்துவிடும், இல்லையா? பெரிலின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1957-ல் நூறு மைல் பந்தயத்தில் தேசிய வெள்ளிப் பதக்கம். 1959-ல் உலகப் பந்தயத்தில் முதலிடம். அதே வருஷத்திலிருந்து 1983 வரையில், இங்கிலாந்தின் 'சிறந்த சகல தூர வீராங்கனை' என்ற பட்டம் இருபத்தைந்து வருஷங்கள் தொடர்ச்சியாக அவருக்கே! உலகப் பட்டங்கள் ஏழு. தேசியப் பட்டங்கள் தொண்ணூறுக்கு மேல். ஒலிம்பிக் பதக்கம்தான் இல்லை. அது அவர் குற்றமல்ல. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஸைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டதே 1984-ல்தான். அப்போது அவருக்கு வயது 47.

தோட்டமே தேகப்பயிற்சிக்கூடம்

அமெச்சூர் என்றால் என்ன? கம்பெனியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதன் விளம்பரத்துக்காக ஓட்டாதவர். பெரிலைத் தேடி ஒப்பந்தம் வந்தபோதும் அவர் அதை ஏற்கவில்லை. அந்த நாளில் அவரோடு போட்டி போட்ட சோவியத் வீராங்கனைகளுக்குப் பக்கபலமாக அரசாங்கமே நின்றது. பெரிலுக்குப் பக்கபலம், மார்லி என்ற சிறிய ஊரில் இருந்த தம் சொந்தக் குடும்பம்தான். ஆகவே வயிற்றுப்பாட்டுக்கு அவர் வேலைக்குப் போனார்.

என்ன வேலை தெரியுமா? 'ரூபார்ப்' தோட்டத்தில் கூலி வேலை. ரூபார்ப் என்பது சிவந்த தண்டுள்ள ஒரு செடி. புளிப்பான அந்தத் தண்டைச் சர்க்கரை சேர்த்து வேகவைத்து இனிப்புப் பண்டங்கள் செய்வார்கள். வயலில் வளர்ந்த கனமான வேர்க்கட்டைகளை மண்ணிலிருந்து பெயர்த்து, இருட்டுக் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வெளிச்சம் படாமல் வளர்ந்தால்தான் தண்டு பூப்போல இருக்கும் என்பதால், அறுவடைகூட மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். முதுகு ஒடிகிற வேலை. தோட்டத்தின் சொந்தக்காரர் நிம் கார்லைன். அவரும் சாதாரணப்பட்டவர் அல்ல. இருபத்துநாலு மணி நேர ஸைக்கிள் பந்தயத்தில் தேசிய வீரர். முதலாளியே ஸைக்கிள் வெறியர். அப்புறம் வேலைக்காரியைக் கேட்பானேன்!

இப்போது பணம் கொடுத்து தேகப்பயிற்சிக்கூடத்தில் பளு தூக்குகிறோம். பெரில் பளு தூக்கினார். அதற்குக் கூலியும் வாங்கினார். பயிற்சி என்றால் சாலைதான். வாரத்துக்கு நூற்றுக்கணக்கான மைல். வெயிலோ, பனியோ, யார்க்ஷயரின் எலும்பைத் துளைக்கும் ஈரக் காற்றோ, எதுவும் அதைத் தடுக்கவில்லை. நாடிப் பட்டை கிடையாது. 'வாட்' கணக்கும் கிடையாது. கையில் கடிகாரம், முன்னால் தன்னைவிட வேகமாக ஓட்டும் ஆண்கள். இந்த இரண்டும்தான் அளவுகோல்.

அதிமதுர மிட்டாய்

1967-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நடந்த சம்பவத்தை ஸைக்கிள்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். மாதத் தொடக்கத்தில்தான் ஹாலந்து தேசத்தில் உலகச் சாலைப் பந்தயத்தை ஜயித்துவிட்டு வந்திருந்தார் பெரில். 17-ந் தேதி யார்க்ஷயரில் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம். அதில் முடிவுக் கோடு கிடையாது. பன்னிரண்டு மணி நேரத்தில் யார் அதிக தூரம் போகிறார்களோ அவரே வெற்றி பெற்றவர்.

ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டார்கள். கடைசியாகப் புறப்பட்டவர் மைக் மக்நமாரா என்ற வீரர். அவர் போய் இரண்டு நிமிஷம் கழித்துப் பெரில் புறப்பட்டார். அன்று மக்நமாராவும் பிரமாதமாக ஓட்டினார். ஆண்களின் பழைய சாதனையை முறியடிக்கும் வேகம்! ஆனால் மணிக்கணக்கில் ஓட்டிய பிறகு, தமக்குப் பின்னால் வரும் சக்கரச் சத்தத்தை அவர் கேட்டார். பெரில் அவரை எட்டிப் பிடித்துவிட்டார். வெறுமே தாண்டிப் போவது மரியாதையாக இராது என்று தோன்றியதோ என்னவோ! சட்டைப் பையில் கையை விட்டு, ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெரில் மேலே போய்விட்டார்.

பன்னிரண்டு மணி நேர முடிவில் கணக்குப் பார்த்தார்கள். மக்நமாரா 276.52 மைல், ஆண்களில் புதிய சாதனை. பெரில் பர்ட்டன் 277.25 மைல்! கிட்டத்தட்ட 446 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்துக்கு அதிகம் குறைவில்லை. ஆண்களின் சாதனையை ஒரு பெண், அதுவும் ஒரு குழந்தைக்குத் தாயார், தாண்டிவிட்டார். அவருடைய தூரத்தை எட்ட ஆண்களுக்கே இரண்டு வருஷம் பிடித்தது. பெண்களுக்கோ ஐம்பது வருஷம்! 2017-ல்தான் வேறொரு பெண் அதைத் தாண்டினார்.

அந்த மிட்டாயின் விலை சில பென்னிகள்தான் இருக்கும்.

காற்றுக்கு ரூபாய் தெரியாது

அப்படியானால் இக்காலத்துக் கருவிகள் எல்லாம் வீண்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எது எதற்கு உதவுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

சமதரையில் வேகமாகப் போகிறவருக்கு முதல் விரோதி காற்று. அதன் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து சற்றும் இரக்கமில்லாமல் ஏறுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 40-ஆக்க விரும்பினால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி தேவை. அந்தக் காற்று மோதுவது பெரும்பாலும் ஸைக்கிள் மேல் அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆசாமி மேல்தான்! ஆகவே ஸைக்கிளின் எடையில் அரைக் கிலோ குறைப்பதற்காக ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, முதுகைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி உட்காரப் பழகிக்கொண்டால் அதிக லாபம். அதற்குப் பில் கிடையாது.

இதை உலகத்துக்கு நிரூபித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான கிரேம் ஓப்ரி. சொந்தக் கடை நொடித்துப் போய், கையில் காசில்லாமல் இருந்தவர். தம் ஸைக்கிளைத் தாமே கட்டினார். அதில் துணி துவைக்கும் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்குகளையும் பொருத்தினார்! கைகளை மார்புக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டும் விசித்திரமான ஆசனம் ஒன்றையும் கண்டுபிடித்தார். 1993 ஜூலையில் நார்வே தேசத்தில் ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்றார், தோற்றார். மறுநாள் காலையில், வலிக்கும் கால்களோடு மறுபடியும் முயன்றார். 51.596 கிலோமீட்டர்! ஒன்பது வருஷமாக நின்றிருந்த உலக சாதனை விழுந்தது.

ஆனால், சிக்கனக்காரர்கள் அதற்குள் குதூகலித்துவிட வேண்டாம். ஆறே நாளில் அந்தச் சாதனையை முறியடித்தவர் கிறிஸ் போர்ட்மன். 52.270 கிலோமீட்டர். போர்ட்மன் 1992-ல் பார்ஸலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவருக்குப் பின்னால் பீட்டர் கீன் என்ற விஞ்ஞானி பயிற்சியாளராக நின்றார். எத்தனை மிதித்தால் உடம்பு என்ன ஆகிறது என்று அளந்து அளந்து அவரைத் தயார் செய்தார். நல்ல பயிற்சியாளருக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

பயிற்சியாளர் உண்மையில் செய்வது என்ன? "இன்னும் வேகமாக மிதி!" என்று விரட்டுவதா? அதற்கு ஆள் தேவையில்லை, ஆசையே போதும். நல்ல பயிற்சியாளரின் முக்கியமான வேலை, "இன்று போதும், போய்த் தூங்கு" என்று சொல்வதுதான். மிதிக்கும்போது உடம்பு களைக்கிறது. ஓய்வில்தான் அது பலப்படுகிறது. புதிதாக வருகிறவர்கள் தினமும் பாதி வேகத்தில் பாதி களைத்து, எதிலும் முன்னேறாமல் இருந்துவிடுகிறார்கள். கடினமான நாள் கடினமாகவும், இலேசான நாள் மெய்யாகவே இலேசாகவும் இருக்க வேண்டும். பவர் மீட்டரும் நாடிப் பட்டையும் இதைத்தான் எண்களில் காட்டுகின்றன. அவை தராசு, தராசு வாங்கினதனால் அரிசி அதிகமாகிவிடாது.

எதை முதலில் வாங்குவது?

வீட்டில் ஸைக்கிள் பிரியர் இருந்தால், பெட்டிகள் வந்து இறங்கும் முன் இந்த வரிசையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

முதலாவது, தலைக்கவசமும் முன்னும் பின்னும் விளக்குகளும். இதில் சிக்கனம் கூடாது. அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்காரர் கண்ணில் படுவது, சாதனையைவிட முக்கியம்.

இரண்டாவது, உடம்புக்கு ஏற்ற ஸைக்கிள். ஸீட்டின் உயரம், மிதிகட்டை அடியில் போகும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும்படி அமைய வேண்டும். பெண்களுக்கு இடுப்பெலும்பின் அமைப்பு வேறு. உட்காரும்போது வலித்தால் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. ஸீட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெத்தை வைத்த நிஜாரும் ஆடம்பரமல்ல.

மூன்றாவது, நல்ல டயர்கள், எண்ணெய் போட்ட செயின். பிறகு ஆறு மாதம் ஒழுங்காக மிதிக்கட்டும். அதற்குப் பின்னும் அலாரம் அடித்தவுடன் ஆள் எழுந்திருந்தால், நாடிப் பட்டை வாங்கலாம். சில மாதங்களுக்குப் பயிற்சியாளரையும் அமர்த்தலாம். பவர் மீட்டரும் கூடத்து யந்திரமும் அதற்கும் பிறகு. வாடகை வீட்டில் மாடியில் குடியிருப்பவர்கள், யந்திரம் வாங்குமுன் கீழ் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்!

பில்லில் வராத செலவு

இத்தனை செலவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடலாம். எழுத மறந்துபோகும் செலவு ஒன்று இருக்கிறது. அதுதான் நேரம்.

வாரத்துக்கு எட்டு மணி நேரம் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெச்சூருக்கு இது அதிகமல்ல. வருஷத்துக்கு நானூறு மணிக்கு மேல் ஆகிறது. தூங்கும் நேரம் போக, நாளுக்குப் பதினாறு மணி என்று வகுத்தால், இருபத்தாறு நாள். ஏறக்குறைய ஒரு மாதம்! அந்த ஒரு மாதத்தில் குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்? அடுப்பைப் பார்ப்பது யார்? பால்காரருக்குக் கதவு திறப்பது யார்?

பர்ட்டன் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் சார்லி. ஸைக்கிள் ஆசையை மனைவிக்கு ஊட்டியவரே அவர்தான். ஆனால் மனைவியின் காலில் தம்மைவிட அதிகத் திறமை இருப்பதைக் கண்டதும், தம் பந்தய ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார். பெரிலின் மெக்கானிக் அவர், சாரதி அவர், பந்தயச் சாலையோரம் காத்து நின்று உணவு நீட்டியவர் அவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டவரும் அவர். சம்பளம் கொடுத்து இத்தனை பேரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலகத்திலேயே விலை உயர்ந்த ஸைக்கிளைவிட அதிகம் ஆகியிருக்கும். பெரிலுக்குச் செலவே இல்லை என்பது சரியல்ல. செலவு இருந்தது. சார்லி அதைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பெண் டெனீஸின் கணக்கும் உண்டு. அம்மாவைப் பார்த்து வளர்ந்த அவளும் பந்தயக்காரி ஆனாள். 1975-ல் உலகப் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றாள். 1976-ல் தேசியச் சாலைப் பந்தயத்தில் கடைசி நேரத்தில் அம்மாவையே முந்தி ஜயித்தாள். பெற்ற தாய் பூரித்துப் போயிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பரிசு மேடையில் பெரில் மகளுடன் கை குலுக்க மறுத்துவிட்டார்! காற்றைக் கிழிக்கும் வேலையில் மகள் தன் பங்கைச் செய்யாமல் பின்னால் ஒண்டி வந்தாள் என்பது அவருடைய கோபம். பிற்பாடு தம் சுயசரிதையில், தாம் நடந்துகொண்டது பெருந்தன்மை அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். ஜயிக்க வேண்டும் என்ற தீ, வீட்டு வாசலில் செருப்பைப் போல் கழற்றிவிடக் கூடியதாக இல்லை. அந்தச் செலவை எந்தக் கடைக்காரரும் பில்லில் எழுத மாட்டார்.

ஆனாலும் தாயும் மகளும் பிரிந்துவிடவில்லை. 1982-ல் இருவரும் ஒரே ஸைக்கிளில், இருவர் மிதிக்கும் 'டாண்டம்' வண்டியில், பத்து மைலை 21 நிமிஷம் 25 விநாடியில் கடந்து, பெண்களுக்கான தேசிய சாதனை படைத்தார்கள். அந்த வண்டியில் யார் முந்தினார்கள் என்ற கேள்விக்கு இடமில்லை அல்லவா?

பெரில் பர்ட்டன் 1996 மே மாதம் 5-ந் தேதி காலமானார். ஒரு வாரத்தில் அவருக்கு 59-வது பிறந்த நாள். அதற்கு நண்பர்களை அழைக்கக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, வழக்கம் போல் ஸைக்கிளில் புறப்பட்டவர், வழியிலேயே விழுந்துவிட்டார். உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்று டாக்டர்கள் சொல்லி ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

ஆகையால் சகோதரிகளே, அடுத்த அட்டைப் பெட்டி வந்து இறங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "வாரத்துக்கு எத்தனை மணி? அந்த நேரத்தில் வீட்டு வேலையில் எது யாருக்கு?" என்று கேளுங்கள். ஒரு காகிதத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அந்தக் காகிதத்தில் உங்கள் பெயருக்கு எதிரிலும் நாலு மணி நேரம் காலியாக இருக்கட்டும். ஸைக்கிள் உங்களுக்கும் ஓட்ட வரும். முதல் வருஷம் மேட்டில் யாராவது கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்!